ஆமென் என்றால் சம்மதமா?

ஓய்வு பெற்ற பிறகு யார் எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். வேலை பார்த்த காலம் முழுவதும் கம்பெனி செக்ரட்டரியாக இருந்தவள் நான். கம்பெனி செக்ரட்டரி என்றால் டைப் அடித்து, டீ சொல்லி அனுப்புகிறவள் என்று கரமனையில் எங்கள் தெருவில் இன்றைக்கும் நினைக்கிறவர்கள் உண்டு. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. இயக்குநர்கள் கூடும்போது கூட்டம் சட்டப்படி நடக்கிறதா, முடிவை யார் எடுக்கிறார்கள், எடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்று பார்ப்பதுதான் என் வேலை. பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து, "சார், அப்படிச் செய்ய முடியாது" என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கினவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வேலை ஒருத்தியின் நாக்கை என்ன செய்யும் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

அந்த முடிவைக் கலைத்தவர் எங்கள் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர், பரம சாது. ஃபைலை யாராவது அவர் மேஜையில் எறிந்துவிட்டுப் போனால்கூட எழுந்து நின்று நன்றி சொல்வார். அவர் ஃபோன் செய்து, மருத்துவக் கல்லூரிக்குப் பின்னால் ஒரு சிறிய ஊழியம் நடத்தும் இல்லத்தைப் பற்றிச் சொன்னார். வெளியூரிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிறவர்களும் கூட வருகிறவர்களும் சிகிச்சை முடியும்வரை அங்கே தங்கலாம். அதன் போர்டுக்கு அவர்தான் தலைவர். இப்போது ஒரு நல்ல மனிதர் பொன்முடி மலையடிவாரத்தில், கல்லாற்றில் நிலம் தந்து, அதில் கட்டடமும் கட்டித் தருவதாகச் சொல்கிறார்; இல்லத்தை அங்கே மாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. போர்டு முறையாகக் கூடி எடுத்த தீர்மானம் கையில் வந்தால்தான் பத்திரம் எழுதுவாராம். எங்களுக்கு முறை ஒன்றும் தெரியாது, நீங்கள் வந்து சொல்லித் தர வேண்டும் என்றார்.

நான் சரி என்றதும் என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அவா மீட்டிங்ல நீ என்னடீ பண்ணப் போறே? எல்லாரும் கண்ணை மூடிண்டு ஜெபம் பண்ணுவா. நீ மட்டும் முழிச்சுண்டு உக்காந்திருப்பே" என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் அப்படியேதான் நடந்தது.

புது வேலை எதுவானாலும் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். ஊழியத்துக்கு உதவப் போவதற்கு மட்டும் அதை ஏன் மாற்ற வேண்டும் என்று, உடைத்துவிட்டே மெடிக்கல் காலேஜ் பஸ்ஸில் ஏறினேன்.

இல்லம் ஒரு பழைய வாடகை வீடு. நீளமான நடை, அதன் இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் பொதுச் சமையலறை. அறைகளின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மதில்தான் தெரியும். மருந்துக் கடைகளின் ஜெனரேட்டர் சத்தம் உள்ளே வரும். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து மெல்ல நடந்தாலே வந்துவிடலாம், கிட்டத்தான். தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது. என் மாமியார் பார்த்திருந்தால் எனக்கு ஒரு குத்தல் வார்த்தை கிடைத்திருக்கும்.

நடையில் நின்ற ஒரு பெண் என் கைப்பையையும் கண்ணாடியையும் பார்த்து என்னை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டாள். சங்கரன்கோவில் பக்கம். கணவருக்குத் தொண்டையில் சிகிச்சை. அங்கே எல்லோரும் ரேடியேஷனைக் "கரண்டு" என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கும் கரண்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கள மலைக்கு மாத்தப் போறாகளாமே, நெசமாம்மா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையும் அதுதான். அவள் நம்பவில்லை. தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று என்னை அளந்துவிட்டு உள்ளே போனாள்.

இல்லத்தைத் தொடங்கியவரை எல்லோரும் உபதேசியார் என்றார்கள். போதகருக்கு அடுத்தபடியாக இருந்து, வீடு வீடாகப் போய் ஜெபித்து, சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்கிற சபை ஊழியரை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய மனைவிக்கு இதே ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தபோது தங்க இடமில்லாமல் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவர். அந்த அம்மா போன பிறகு, இனி யாரும் அப்படிக் கிடக்கக்கூடாது என்று இந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார். வயதாகிவிட்டது, முழங்கால் பேச்சைக் கேட்பதில்லை. ஆனாலும் விடிவதற்கு முன்னே போய் நோயாளிகளுக்காக டோக்கன் வரிசையில் நிற்கிறார். யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குக் கஞ்சியை வடிகட்டித் தர வேண்டும், யார் வீட்டுக்கு ஃபோன் செய்து இரண்டு நாள் ஆயிற்று என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் எத்தனையோ கம்பெனித் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் இடத்தின் குளியலறை எப்படி இருக்கிறது என்று தெரிந்த ஒரு தலைவரை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

போர்டு உறுப்பினர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. யாரும் பஸ் காசுகூட வாங்குவதில்லை. ஒருவர் வாழைக்குலையோடு வருவார், ஒருவர் வந்ததும் குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். கதிர்வீச்சு வார்டில் நெடுங்காலம் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவும் உறுப்பினர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். அவர் வந்ததும் முதலில் அறை அறையாகப் போய் நோயாளிகளின் தோலைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். இவ்வளவு நல்லவர்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும், முடிவெடுக்க மட்டும் தெரியாது.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கூட்டம் பிடித்தது. கல்லாற்று நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. உபதேசியார் அதன் காற்றைப் பற்றிச் சொன்னார், ஆற்றைப் பற்றிச் சொன்னார். ஒருவர் தூரம் கொஞ்சம் அதிகம் அல்லவா என்று இழுத்தார். இன்னொருவர் தொண்டையைச் செருமினார். சிஸ்டர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பேச்சு சூடு பிடிக்கும் என்று நான் பேனாவை எடுத்தேன். அதற்குள் தலைவர், "அப்போ ஜெபிச்சு முடிக்கலாமா?" என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

உபதேசியார் ஜெபித்தார். அவர் ஜெபம் செய்வதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு அறையில் இருக்கிறவரையும் பெயர் சொல்லி, அவரவர் வலியைச் சொல்லி, சொந்தப் பிள்ளைக்குக் கேட்பதைப்போல் கேட்டார். எனக்கே கண் கலங்கியது. பிறகு அதே குரலில், அதே வேகத்தில், கல்லாற்றில் எங்களுக்கு இடம் தந்த தயவுக்காக ஸ்தோத்திரம், அங்கே நாங்கள் போய்ச் சேர வழி நடத்தும் என்றும் சொல்லி முடித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தால் தீர்மானம் நிறைவேறியிருந்தது. செயலாளர் அதை எழுதத் தொடங்கிவிட்டார்.

நான் திகைத்துப் போய்த் தலைவரிடம், இது எப்போது முடிவானது என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்களே என்றார். அங்கே எல்லாமே அப்படித்தான் என்று அப்புறம் தெரிந்தது. பேச்சில் யாரும் மறுக்க மாட்டார்கள், மரியாதை. விஷயம் கடைசி ஜெபத்துக்குள் போய்விடும். ஜெபத்தில் வந்ததை யார் மறுப்பது? உபதேசியார் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் மனதில் இருந்ததை அவர் கடவுளிடம் சொன்னார், அவ்வளவுதான். ஆமென் வந்ததும், எல்லோர் மனதிலும் அதுவே இருக்கிறது என்று நம்பினார். அவர்களோ, அவர் கேட்டு வாங்கிய பதில் இது, நாம் யார் குறுக்கே நிற்க என்று நினைத்தார்கள். கம்பெனிகளில் மனிதர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பொய் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் ஒரு பொய்கூடச் சொல்லாமல் எல்லோரும் தவறான இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜெபம் நடக்கும்போது கண் திறந்திருந்தவள் நான் ஒருத்திதான் என்று சொன்னேன் அல்லவா? அதனால் ஒன்றைப் பார்க்க முடிந்தது. எல்லோர் வாயும் ஆமென் என்று அசைந்தபோது சிஸ்டரின் உதடு அசையவில்லை.

நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். இது தீர்மானம் ஆகாது, அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுங்கள், ஜெபத்தைக் கூட்டத்தின் ஆரம்பத்துக்கு மாற்றுங்கள், கடைசியில் கை தூக்கி முடிவெடுங்கள் என்றேன். உபதேசியார் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லதுதானே என்றார். அடுத்த கூட்டத்தில் அப்படியே செய்தார்கள். உபதேசியார் தொடக்கத்திலேயே எழுந்து, கல்லாற்றுக்காக ஸ்தோத்திரம் செலுத்தி, கட்டடத்தையும் ஆசீர்வதித்துவிட்டார். எல்லோரும் ஆமென். தலைவர் தாளைப் பார்த்து, "அப்போ அது தீர்ந்நு. அடுத்த காரியம்?" என்றார். முன்பாவது பேசிவிட்டு முடிவெடுத்தார்கள், இப்போது பேச்சே இல்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். வீட்டுக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க ஆபீஸ்லயும் எம்.டி. பேசி முடிச்சா எல்லாரும் தலையை ஆட்டினாதானே. அவா ஆமென்னு சொல்லலை, அவ்ளோதான்" என்றார். எரிச்சலாக இருந்தது, அவர் சொன்னது சரி என்பதால்.

மறுபடி போனபோது நேரே சமையலறைக்குப் போனேன். சிஸ்டர் சங்கரன்கோவில் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று, கணவரின் மூக்குக் குழாயில் போகும்படி கஞ்சியை எப்படி வடிகட்ட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கஞ்சியோடு போனதும் நான் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. கரண்டு வைத்துக்கொண்டு வருகிறவருக்கு வாயெல்லாம் வெந்திருக்கும், குமட்டும், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் எங்காவது படுத்தால் போதும் என்று இருக்கும் என்றார். கல்லாற்றிலிருந்து விதுரா, நெடுமங்காடு வழியாக பஸ் பிடித்து வந்து, கரண்டு வைத்துவிட்டு, மறுபடி அத்தனை வளைவும் ஏறிப் போவது. நாளைக்கும் அதே, அடுத்த நாளும் அதே. பாதிப் பேர் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவே இல்லை. அப்படி விட்டுவிட்டுப் போனவர்களை அவர் வார்டில் பார்த்திருக்கிறார்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தன் கணவர் கடைசியில் படுக்கையோடு கிடந்தபோது உபதேசியார் தினமும் வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டினார் என்றார். அந்த மனிதர் கண்ணை மூடிக் கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் எப்படி இல்லை என்பேன் என்றார்.

"அதனாலதான் ஆமென் சொல்லல்ல. வாயத் தொறக்காம, மிண்டாம இருந்தேன். அது போதும்லா?"

போதாது என்றேன். எனக்குத் தெரிந்தது சட்டம் ஒன்றுதான், அதைச் சொன்னேன். கூட்டத்தில் இருந்துகொண்டு வாய் திறக்காத உறுப்பினரும் சம்மதித்ததாகத்தான் கணக்கு. பிறகு யாராவது கேட்டால், நான் மனதுக்குள் மறுத்தேன் என்று சொல்ல முடியாது.

சிஸ்டர் வடிகட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "அப்போ நானும் சேந்துதான் இவங்கள மலைக்கு அனுப்புகேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நிலம் தருகிறவர் வெளிநாட்டில் இருந்தார். அவருடைய அப்பா முன்பு இந்த இல்லத்தில் தங்கிக் குணமாகிப் போனவர், அந்த நன்றியில் தருகிறார். போர்டு அந்த நிலத்திலேயே ஒரு முறை கூட வேண்டும், அங்கே ஜெபித்துத் தீர்மானம் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. உபதேசியாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நான் முறைப்படி அறிவிப்பு அனுப்ப வைத்தேன். கூட்டம் நடக்கும் இடம் கல்லாறு, ஆற்றங்கரை நிலம் என்று அதில் எழுதச் சொன்னபோது செயலாளருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு எழுதினார்.

ஒரு வேனில் எல்லோரும் காலையில் கிளம்பினோம். நெடுமங்காடு தாண்டும்வரை பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்கள். விதுராவுக்கு மேல் வளைவுகள் வரவும் பாட்டு நின்றது. தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்துகொண்டார். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டார்.

இடம் அழகுதான், அதை ஏன் மறைப்பது? கல் மேல் கல்லாக ஆறு இறங்கி வந்தது. மேலே பொன்முடி மேகத்துக்குள் இருந்தது. எனக்கே, இங்கே ஒரு வீடு இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றிவிட்டது. உபதேசியார் முழங்கால் வலியை மறந்து குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இங்கே ஒரு அறை, இங்கே ஒரு அறை என்று காட்டினார். ஒவ்வொரு கட்டிலுக்கும் நேரே ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் மரம் என்றார். என்னிடம் மட்டும் தனியாக, தன் மனைவி கடைசி நாட்களில் ஒரு மரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதாகவும், கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சுவர்தான் தெரிந்ததாகவும் சொன்னார். இவர் ஆசைப்படுவது ஒரு கட்டடத்துக்கு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு எல்லோரும் வட்டமாக நின்றார்கள். உபதேசியார் ஜெபம் செய்யத் தொடங்கினார். நான் வழக்கம்போல விழித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தால், சிஸ்டரின் கண்ணும் திறந்திருந்தது. என்னை நேராகப் பார்த்தார். இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆமென் வந்தது. ஆற்றுச் சத்தத்தில் அது கொஞ்சம் சன்னமாகத்தான் கேட்டது.

"உபதேசியாரே, நா ஆமென் சொல்லல்ல" என்றார் சிஸ்டர். "இதுக்கு முன்னயும் சொல்லல்ல. மிண்டாம இருந்தா சம்மதிச்ச கணக்குன்னு இந்த அம்மா சொன்னாவ. அதனால வாயத் தொறந்து சொல்லுகேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூட்டிவிட்டவள் இவள்தானா என்ற பார்வை. எனக்குப் பழக்கமான பார்வைதான், ஆனால் இந்த முறை உறுத்தியது.

உபதேசியார் கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டார். சிஸ்டர் சமையலறையில் என்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னார். காலையில் நல்ல உடம்போடு வந்த நமக்கே வளைவில் எலுமிச்சம்பழம் வேண்டியிருந்தது என்றார். தலைவர் பையைத் தடவிக்கொண்டார். கடைசியாகச் சிஸ்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"கரண்டு வெச்சிட்டு வாற ஆளுக்கு காத்து வேண்டாம், உபதேசியாரே. கட்டில் வேணும். அது பக்கத்துல வேணும்."

உபதேசியார் மற்றவர்களைப் பார்த்தார். வேறு யாரெல்லாம் சொல்லவில்லை என்று கேட்டார். அதட்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தான் வாய்க்குள்ளேதான் சொன்னதாகச் சொன்னார். செயலாளர் பழக்கத்தில் சொல்லிவிட்டேன் என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஏதோ முணுமுணுத்தார்கள். தூரம் அதிகம் என்று ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"அப்போ இம்புட்டு நாளும் நா ஒத்தைக்கா ஜெபிச்சேன்?"

உபதேசியார் இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சொந்தக் கட்சிக்காரர் தோற்றுவிட்டதைப்போல அந்த மனிதருக்காக வருத்தப்பட்டேன், இத்தனைக்கும் ஜெயித்தது என் பக்கம். இந்த மாதிரிக் கட்டத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கேதான் தலைவர்கள் ராஜினாமாக் கடிதத்தை வீசுவார்கள், இல்லையென்றால் தான் செய்த தியாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். இவருக்கு அதுகூட வேண்டியதில்லை, இது தேவ சித்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். அந்த வார்த்தையை அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே நின்றேன்.

அவர் மெல்ல ஆற்றில் இறங்கி முகத்தைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. என்னிடம், "அம்மா, அந்தக் கை தூக்குத காரியம் இங்க வெச்சுச் செய்யலாமா?" என்று கேட்டார். இடம் அறிவிப்பில் இருக்கிறது, எல்லோரும் வந்திருக்கிறார்கள், தாராளமாகச் செய்யலாம் என்றேன்.

தலைவருக்குத்தான் கஷ்டம். ஜெபிக்கலாமா என்று கேட்டே பழகிய வாய். கல்லாற்றுக்குப் போகலாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். உபதேசியார் கையைத் தூக்கினார். பாதி இல்லை, முழுவதும் தூக்கினார். சுற்றிப் பார்த்தார், வேறு கை இல்லை. அவர் கையை இறக்கவில்லை. தலைவர் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் இறக்கினார். வேண்டாம் என்கிறவர்கள் என்றதும் சிஸ்டரின் கை முதலில் எழுந்தது, பிறகு மற்றவர்கள். உபதேசியார் ஒவ்வொரு கையையும் பார்த்தார். தன் ஆட்களின் மனதில் என்ன இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் தலைவருக்கு ஜெபம் ஞாபகம் வந்தது. எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் சிஸ்டரை ஜெபிக்கச் சொன்னார். சிஸ்டருக்குக் கூட்டத்தில் ஜெபித்துப் பழக்கமில்லை. "ஆண்டவரே, உபதேசியாரு கேட்ட ஜன்னல எங்களுக்கு அந்த வீட்டுலயே தாரும்" என்றார். அதற்கு மேல் வரவில்லை, நிறுத்திவிட்டார். ஆமென் சொன்னவர்களில் உபதேசியாரின் குரல்தான் பெரிது. அன்றைக்கு நானும் சொன்னேன். வீட்டுக்காரரிடம் இதுவரை சொல்லவில்லை.

திரும்பும்போது வேனில் பாட்டு இல்லை. உபதேசியார் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் அவருக்கு நேர் பின்னால். கல்லாற்றில் ஃபோனுக்கு ரேஞ்ச் கிடையாது. விதுரா வந்ததும் வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னார். டீ குடிக்க என்று நினைத்தேன். அவர் ஃபோனை எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் அந்த நிலக்காரரைக் கூப்பிட்டார். நாளைக்குச் சொல்லலாமே என்றார் தலைவர். இன்றைக்கே சொல்லிவிடுவோம், அவர் காத்திருப்பார் என்றார் உபதேசியார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். முதலில் நன்றி சொன்னார். பிறகு போர்டு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டது, காரணம் தூரம் என்றார். சங்கரன்கோவில் பெண்ணின் கணவருக்கு நாளைக்கும் கரண்டு உண்டு, அவரால் அந்த வளைவு ஏற முடியாது என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து நிலக்காரர் கேட்டார், ஆதங்கமாகத்தான் கேட்டார்.

"நீங்க ஆரம்பிச்ச ஊழியம்தானே அங்கிள். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க மாத்திக்க மாட்டாங்களா?"

மாற்றிக்கொள்வார்கள். வேனில் இருந்த எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவருக்கும் தெரியும்.

"மாத்திக்கிடுவாங்க, மக்கா. அதனாலதான் சொல்ல மாட்டேன்" என்றார் உபதேசியார். "எனக்கு அந்த இடம் வேணும்னுதான் இருந்து. வேணும்னு கையும் தூக்கினேன். ஆனா நா போர்டுக்குக் கீழ உள்ள ஆளாக்கும்."